‘அது வந்து’ மனிதரும் மணியடித்த மடையனும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் அவர்களே! ஹார்லோ பேச்சாளர் மன்றத்தைப் பதினாறு ஆண்டுகளாகக் கையில் கடிகாரமும் கண்ணில் கண்டிப்புமாகக் கட்டி ஆளும் பெர்னிஸ் கட்டிங் அவர்களே! இந்தத் தேவாலயத்து அடித்தளக் கூடத்தை அன்போடு கொடுத்துவிட்டு, கணப்பை மூட்டிவைக்க மட்டும் அடியோடு மறந்துவிட்ட ஆன்றோர்களே! கோட்டைக் கழற்றாமல் கைதட்டும் கலையில் கைதேர்ந்த வெர்மான்ட் பெருமக்களே! பீன்ஸ் சட்டியைப் பின்னால் வைத்துவிட்டு என் பேச்சு எப்போது முடியும் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் பின்னல் ஊசியும் நூற்கண்டுமாக அமர்ந்திருக்கும் நோரீன் டாட்ரோ அம்மையார் அவர்களே! அவரை வாசலில் இறக்கிவிட்டு, “உள்ள வந்தா பேசச் சொல்லுவீங்க” என்று வண்டியைவிட்டு இறங்க மறுத்துவிட்ட அவருடைய கணவர் ராய்ஸ் டாட்ரோ அவர்களே! உங்கள் அனைவருக்கும் அடியேனின் அன்பு கலந்த வணக்கம்.

என் பெயர் ஆல்டன் பீஸ்லி. பல் மருத்துவன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரின் வாயை உள்ளே பார்த்திருக்கிறேன், மீதிப் பேரின் வாயை வெளியே கேட்டிருக்கிறேன். எனக்கு இந்தப் பேச்சுத் துணிவு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். எங்கிருந்து வரும்? முப்பது ஆண்டுகளாக நான் பேசுவதைக் கேட்பவர்கள் எல்லாம் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு மல்லாந்து படுத்திருப்பவர்கள். எதிர்த்துப் பேச முடியாதவர்கள் முன்னால் எவன்தான் சிங்கமாக முழங்கமாட்டான்?

இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘மேடை அச்சத்தை வெல்வது எப்படி?’ கொடுத்த நேரம் ஏழு நிமிடம். தலைப்பு நல்ல தலைப்பு. நேரம் மட்டும் சரியில்லை. ஏழாவது நிமிடத்தில் பெர்னிஸ் அம்மையார் சிவப்பு அட்டையைத் தூக்குவார். தூக்கட்டும். என் கண்ணாடியை நான் வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அச்சம் என்றால் என்ன, அன்பர்களே? நா வறள்வதா? நாடி துடிப்பதா? நாற்பது முறை படித்த பாடம் நாலு பேரைப் பார்த்ததும் நழுவி ஓடுவதா? எல்லாமும்தான். இந்த மன்றம் ஊர் நூலகத்தில் கூடிய காலத்தில், என் முதல் பேச்சன்று, நடுக்கத்தை மறைக்க எதிரே இருந்த மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த மேசைக்குச் சக்கரம் உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் மேசையும் மெல்ல மெல்ல நகர்ந்து, முதல் வரிசையைக் கடந்து, நூலகத்தின் சமையல் புத்தகப் பகுதியில் போய் நின்றோம். பெர்னிஸ் அம்மையார் என்ன மதிப்புரை சொன்னார் தெரியுமா? “மேடையை நல்லா பயன்படுத்திக்கிட்டீங்க, டாக்டர்.”

அச்சத்தைப் போக்க அறிவுரைக்கா பஞ்சம்? எதிரே இருப்பவர்களை உள்ளாடையோடு கற்பனை செய் என்பார்கள். ஹார்லோவில், மார்ச் மாதத்தில்! இங்கே உள்ளாடை என்றால் கழுத்திலிருந்து கணுக்கால்வரை இரண்டு அடுக்குக் கம்பளி. அதைக் கற்பனை செய்தால் அச்சம் தீராது, புழுக்கம்தான் கூடும். கடைசிச் சுவரைப் பார்த்துப் பேசு என்பார்கள். நான் பார்த்தேன். சுவர் கொட்டாவி விடவில்லை, அந்த ஒரு நன்மை உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மன்றத்துக்கே உரிய மாபெரும் மருந்து ஒன்று உண்டு. மணி! பேசுகிறவர் ‘அது வந்து’ என்று இழுத்தால் ஒரு மணி. ‘வந்து’ என்று நிறுத்தினால் ஒரு மணி. கடையின் கல்லாவில் ஆளைக் கூப்பிடத் தட்டுவோமே, அதே மணி. பதினோரு ஆண்டுகளாக அந்த மணியின் காவலன் நான்தான். எத்தனை பேரின் எத்தனை வாக்கியங்களை நடுவில் வெட்டியிருக்கிறேன்! நான் பிடுங்கிய கடவாய்ப்பல் கணக்கெல்லாம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்?

அப்படிப்பட்ட இந்த மன்றத்துக்குப் போன ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில், ஒரு வியாழக்கிழமை மாலை, ராய்ஸ் டாட்ரோ வந்தார். வயது அறுபத்து நான்கு. நார்த் ஹாலோ சாலையின் கடைசி வீடு. முப்பது மாடு. மாட்டு வயிற்றில் கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தால் தோள்வரை கையை விட்டு இழுத்துப் போடுகிறவர். அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றார்.

“எனக்கு வந்து... பேசக் கத்துக்கணும். மார்ச்சுக்குள்ள.”

“ஏன் மார்ச், ராய்ஸ்?” என்று கேட்டார் பெர்னிஸ்.

“ஊர்க்கூட்டம் வந்து... மார்ச்சுலதானே.”

ஏன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு ஊர்க்கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வருவதாக இருந்தது. நார்த் ஹாலோ சாலையின் கடைசி மூன்று மைலுக்குக் குளிர்காலத்தில் இனி பனி வழிக்க வேண்டாம் என்பது தீர்மானம். அந்த மூன்று மைலில் இருப்பது ஒரே ஒரு வீடு. ஒரு வீட்டுக்காக ஊர் வண்டி அவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான் என்று நானும் நினைத்தேன். தீர்மானத்துக்குச் சரி சொல்வதாகத்தான் இருந்தேன். ஆம், நோரீன் அம்மையாரே, தலையைத் தூக்கிப் பாருங்கள், இந்த மூஞ்சிதான். உங்கள் கணவருக்கு எட்டு வாரம் பேசச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, அவர் எதிர்த்த தீர்மானத்துக்கு ஆதரவாகச் சரி சொல்லக் காத்திருந்த மூஞ்சி!

முதல் வாரம் ராய்ஸ் பேசினார். பேசினார் என்றா சொன்னேன்? பேச்சைச் சேற்றிலிருந்து டிராக்டர் இழுப்பதுபோல் இழுத்தார். “என் வீட்டுக்காரி நோரீனுக்கு வந்து...” டிங்! “வாரத்துல மூணு நாள் வந்து...” டிங்! “டயாலிசிஸுக்கு வந்து...” டிங்! “நாப்பது மைல் அது வந்து...” டிங்! “போகணும்னா வந்து...” டிங்! ஒரே வாக்கியத்தில் ஐந்து மணி. ஐந்தாவது மணிக்கு அவர் வாயை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை. ஜனவரி மாதத்தில், அன்பர்களே!

பிறகு மதிப்புரை. நம் மன்றத்தின் மதிப்புரை முறை தெரியுமல்லவா? மேலே ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குட்டு, கீழே ஒரு பாராட்டு. “கணீர்னு குரல், ராய்ஸ். அந்த நோரீன் வரியை மட்டும் எடுத்துடுங்க. அதுலதான் மணி அதிகமா அடிக்குது, குரலும் ஆடுது. பதிலா ஒரு புள்ளிவிவரம் போடுங்க. சட்டை ரொம்ப எடுப்பா இருக்கு” என்றார் பெர்னிஸ். முறைக்காதீர்கள், அம்மையாரே. நீங்கள் சொன்னீர்கள், நான் தலையாட்டினேன். இருவரும் ஒரே பாவத்தில் பங்காளிகள்.

எடுத்துவிட்டார்! மனைவியின் பெயரை எடுத்தார், பனிப்பொழிவின் சராசரியைப் போட்டார். மருத்துவமனையை எடுத்தார், சாலையின் அகலத்தைப் போட்டார். எங்கே மணி அடித்ததோ அங்கே வெட்டினோம். எங்கே குரல் உடைந்ததோ அங்கே உருவினோம். எட்டு வாரம் இழைத்து இழைத்து, பிப்ரவரி கடைசி வியாழனன்று ராய்ஸ் இரண்டு நிமிடம் ஒரு தடங்கல் இல்லாமல் பேசினார். ஒரு மணிகூட இல்லை! கூட்டமே எழுந்து கைதட்டியது. பெர்னிஸ் அம்மையார் பரிசாக ஒரு பட்டு நாடாவை அவர் சட்டையில் குத்தினார்.

ராய்ஸ் நாடாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“டாக்டர், இப்படிப் பேசினா ரோட்டை விட்டுவைப்பாங்களா?”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “கையை இன்னும் கொஞ்சம் அகலமா விரிங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த மனிதர் தன் வாழ்க்கையைக் கேட்டார், நான் கையின் அகலத்தைச் சொன்னேன். எட்டு வாரத்தில் பதினான்கு முறை அந்தப் பேச்சைக் கேட்டேன். எத்தனை மணி அடித்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

வந்தது மார்ச் மாதத்து முதல் செவ்வாய். பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் நூற்றைம்பது மடக்கு நாற்காலிகள். மேடையில் சுத்தியலோடு தெல்மா குட்ஸ்பீட். ஊர்க்கூட்டத்தை நடத்துவதில் அந்த அம்மையாருக்கு நிகர் அந்த அம்மையார்தான். அங்கே சட்டம் ஒன்றுதான்: எதைச் சொன்னாலும் அவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக்கூடாது. பக்கத்து நாற்காலிக்காரனைத் திட்டுவதானாலும், “தலைவரம்மா, என் பக்கத்துல உக்காந்திருக்கிற முட்டாள் கிட்ட கொஞ்சம் சொல்லுங்க” என்றுதான் திட்ட வேண்டும். இருநூறு ஆண்டுகளாக இந்த ஊரில் கொலை விழாததற்கு அந்தச் சட்டமே காரணம் என்பது என் கருத்து.

ராய்ஸ் காலையிலேயே என்னிடம் வந்தார். “டாக்டர், நீங்க எதிர்ல உக்காருங்க. வியாழக்கிழமை மாதிரியே இருக்கட்டும். அப்பத்தான் நடுங்காது” என்றார். வியாழக்கிழமை மாதிரி இருக்க வேண்டும் என்றால் மணி வேண்டாமா? கொண்டுபோனேன். மடியில் வைத்துக்கொண்டேன். அடிக்க அல்ல, அன்பர்களே, அவருக்கு ஒரு தெம்புக்காக! என் புத்தியின் அழகைப் பாருங்கள்.

பதினான்காவது தீர்மானம் பகல் உணவுக்குச் சற்று முன்னால் வந்தது. அதுதான் ஆபத்தான நேரம். சமையற்கட்டிலிருந்து பன்றித்தொடை வாசம் வருகிறது. பசித்த கூட்டம் எதற்கும் சரி சொல்லும். பின்வரிசையில் ஒருவர், “ஓட்டுக்கு விடுங்க தலைவரம்மா, சாப்பாடு ஆறுது!” என்று கத்தினார்.

“பேச விரும்பறவங்க யாராவது இருக்கீங்களா?” என்றார் தெல்மா.

ராய்ஸ் எழுந்தார். கையில் இருந்த காகிதத்தைப் பிரித்தார். “தலைவரம்மா, என் பேரு ராய்ஸ் டாட்ரோ. நார்த் ஹாலோ ரோடு. அது வந்து...”

டிங்!

ஆம். அடித்துவிட்டேன்! பதினோரு ஆண்டுப் பழக்கம். மூளையைக் கேட்காமல் விரல் போய்த் தட்டிவிட்டது. அந்த அரங்கில், அந்த அமைதியில், அந்த ஒற்றை மணி கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

“யாருப்பா அது?” என்றார் தெல்மா.

“நான்தான், தலைவரம்மா. பழக்கதோஷம்” என்றேன்.

நூற்றைம்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராய்ஸின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. காகிதம் கையிலிருந்து நழுவி நாற்காலிக்கு அடியில் போனது. பனிப்பொழிவின் சராசரி போனது. சாலையின் அகலம் போனது. எட்டு வார உழைப்பு எல்லாம் போனது. அவர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியது. இருமல் அடங்கியது. அந்தச் சில நொடிகளில், என் பல் எல்லாவற்றையும் மயக்க மருந்து இல்லாமல் பிடுங்கினாலும் தகும் என்று நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “டாக்டர், அந்த மணியை எடுத்து வந்து... நீங்க வந்து... உங்க...”

சுத்தியல் இறங்கியது. “ராய்ஸ்! என்னைப் பாத்துப் பேசுங்க. மணியை எங்க வச்சுக்கணும்னு அவருக்கு அப்புறமா சொல்லிக்கலாம்.”

ராய்ஸ் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். அவர் பேசியதைச் சுருக்கித்தான் சொல்கிறேன்.

“சரி தலைவரம்மா, உங்களைப் பாத்தே சொல்றேன். நோரீனுக்கு வந்து... சிறுநீரகம் ரெண்டும் போயிடுச்சு. திங்கள், புதன், வெள்ளி. விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பணும். அது வந்து... பனி வழிக்கலைன்னா வண்டி எறங்காது. போன வருஷம் ஒரு நாள் வந்து... வழிக்கிற வண்டி கெட்டுப்போச்சு, வரல. அவளைப் போர்வையில சுத்தி டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வந்து... மூணு மைலும் அப்படியே எறங்கினேன். வழியில அவ பேசவே இல்ல. இருக்காளா இல்லையான்னு வந்து... தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன். நீங்க ரோட்டை விட்டுட்டா நாங்க ஊரை விட்டுப் போகணும். மாட்டை வித்துடலாம். வீட்டையும் வித்துடலாம், பரவாயில்ல. ஆனா அவளுக்கு வந்து... அந்த ஜன்னல், அந்த மலை, அதைப் பாக்காட்டி சோறு எறங்காது. எனக்கு மலையும் வேணாம் மாடும் வேணாம், தலைவரம்மா. எனக்கு வந்து... அங்க அவதான் இருக்கா. அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார்.

எத்தனை ‘வந்து’ தெரியுமா? இருபத்து மூன்று. எண்ணினேன்! வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எண்ணினேன். இருபதாவதுக்கு மேல் கண்ணாடி மங்கிப்போய்விட்டது. எந்த வரியை எடுக்கச் சொன்னோமோ, அந்த வரி. எங்கே ஐந்து மணி அடித்தேனோ, அந்த இடம். எட்டு வாரமாக நாங்கள் வெட்டி எறிந்த ஒன்றைத்தான் அந்த ஊர் கேட்க வேண்டியிருந்தது.

தெல்மா ஓட்டுக்கு விட்டார். “பனி வழிக்க வேணாம்ங்கறவங்க, சரின்னு சொல்லுங்க.” சாப்பாடு ஆறுகிறது என்று கத்தினாரே, அவர் மட்டும் “சரி” என்று தொடங்கினார். அவர் மனைவியின் முழங்கை அவரை முடிக்க விடவில்லை. “வேணும்ங்கறவங்க, இல்லன்னு சொல்லுங்க.” இல்லை என்ற அந்தக் குரலுக்குக் கூடைப்பந்து வலையே ஆடியது. நானும் சொன்னேன். பதினோரு ஆண்டுகளாக மேடைகளில் முழங்கிய நான், ‘பல் விளக்கலும் பண்பாடும்’ என்ற பேச்சுக்காக மாவட்டத்தில் இரண்டாம் பரிசு வாங்கிய நான், ஊர்க்கூட்டத்தில் மனமறிந்து முதன்முதலாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். ஒரே ஒரு சொல். தடுமாறாமல் சொன்னேன்.

அன்பர்களே! அச்சத்தை வெல்வது எப்படி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது! ராய்ஸ் டாட்ரோ அன்று அச்சத்தை வெல்லவில்லை. உட்கார்ந்த பிறகும் அவர் கால் ஆடியதை நான் பார்த்தேன். அச்சம் போகட்டும், பிறகு பேசுகிறேன் என்று அவர் காத்திருந்தால், பனி வந்திருக்கும், கோடை வந்திருக்கும், அவர்கள் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை வந்திருக்கும். அச்சம் போயே இருக்காது. நடுங்கிய குரலில் சொன்னார், நாம் சாய்ந்தோம். உடைந்த குரலில் சொன்னார், நாம் கரைந்தோம். நமக்கெல்லாம் பேசத் தெரியும். கை விரிக்கத் தெரியும். கண்ணைப் பார்க்கத் தெரியும். சொல்ல ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதைச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அது எதற்கு அஞ்சி? தவறாகச் சொல்லிவிடுவோம் என்றா? சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றா? அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம் வருகிறது. வாருங்கள். நடுங்குங்கள். நாக்கு குழறட்டும். ஆனால் எழுந்திருங்கள்!

கைதட்டலுக்கு நன்றி. பெர்னிஸ் அம்மையார் இரண்டு கையிலும் சிவப்பு அட்டை பிடித்திருப்பது கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. முடித்துவிடுகிறேன்.

அன்று பகல் சாப்பாட்டு வரிசையில், டாட்ரோ தம்பதிக்குப் பின்னால் தட்டோடு நான் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை. காதை மூட என்னிடம் மூன்றாவது கை இல்லை.

“ஏங்க, கடைசியா ஒண்ணு சொன்னீங்களே, அதை இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார் நோரீன்.

“எது?”

“அவதான் இருக்கான்னு.”

“அதான் சொல்லிட்டேனே.”

“தெல்மா கிட்டதானே சொன்னீங்க. எங்கிட்ட எங்க சொன்னீங்க?”

ராய்ஸ் பீன்ஸ் சட்டியைப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். நூற்றைம்பது பேர் முன்னால் நின்றபோதுகூட அந்த மனிதர் அப்படி வெளுக்கவில்லை. “தள்ளு, பின்னால ஆளு நிக்குது” என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

ஓராண்டாக எனக்கு அது மனதில் கிடந்து உறுத்தியது. சொன்னாரா, இல்லையா? இன்று மாலை நோரீன் அம்மையார் இந்தக் கூடத்துக்குள் வந்தபோது, கோட்டை வாங்கி மாட்டும் சாக்கில் கேட்டேவிட்டேன். இங்கே சொல்லலாமா, அம்மையாரே? தலையாட்டுகிறார்கள். சொல்கிறேன்.

“அன்னிக்கு ராய்ஸ் அப்புறம் உங்ககிட்ட சொன்னாரா?”

“சொன்னாரு, டாக்டர். வழியெல்லாம் வாயே திறக்கல. வாசல்ல வண்டிய நிறுத்தி இன்ஜினை அணைச்சிட்டு, ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாரு.”

நான் திருந்தாதவன், அன்பர்களே. அடுத்து என்ன கேட்டேன் தெரியுமா? “எத்தனை ‘வந்து’ போட்டாரு?”

அந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எண்ணத் தோணல, டாக்டர்” என்றார்.

இங்கே இவ்வளவு நேரம் குளிரைப் பொறுத்த பெரியோர்களுக்கும், என்னைப் பொறுத்த தாய்மார்களுக்கும், சிவப்பு அட்டை பிடித்துக் கை வலித்துப்போன தலைவி அவர்களுக்கும் நன்றி. உங்கள் வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களுக்கும் சேர்த்து என் வணக்கத்தைச் சொல்லி, விடைபெறுகிறேன்.